பூரணி பேரில் எடுத்த படம்

மேற்கணக்கு லயம்,
மஸ்கெலியா.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வினோஜனுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூன்று பேரும் எழும்பி நடமாடிச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாரியம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறுகிறேன். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. பயப்படுகிற விஷயம்தான், ஆனால் யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை. போன் எந்நேரமும் தங்கச்சி கையில் இருக்கிறது. அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாம் என்றால் நம் காம்பராச் சுவர் உனக்குத் தெரியும், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு என்பார்கள். அதனால் பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வீரம்மாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பகலில் யாரும் வரமாட்டார்கள் என்று இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். ஸ்டூடியோ முனாப் நானாவின் மகன் ரிஃகான் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், உன் கையில் நேராகக் கொண்டுவந்து தருவான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் தம்பி. உன் தங்கச்சி நிலக்ஷியைக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் போகிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளையை எப்படி அனுப்புவார்கள் என்று நீ கேட்பாய். அவள் பேரில் அனுப்பவில்லை, பூரணி பேரில் அனுப்புகிறார்கள். ஆமாம், நம்ம பூரணிதான், உனக்கு அடுத்துப் பிறந்து பதினாலு மாதத்தில் நம்மை விட்டுப் போனவள். இருந்திருந்தால் இந்த வருஷம் இருபத்து மூன்று வயது. அந்த இருபத்து மூன்றை நிலக்ஷிக்கு மாட்டி அனுப்பப் பார்க்கிறார்கள். அதற்கான போட்டோவும் போன புதன்கிழமை எடுத்தாகிவிட்டது. இதை நிறுத்த எனக்கு வேறு ஆள் இல்லை, உன்னால் மட்டும்தான் முடியும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது தண்ணீர்க் கானுக்குள் விழுந்து இடுப்பில் அடிபட்டது உனக்குத் தெரியும். இப்போது தடி இல்லாமல் நடக்கிறார், ஆனால் மலைக்கு ஏற முடியாது, நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடியாடி வேலை செய்த மனுஷனுக்கு அதுவே ஒரு நோய். உனக்குக் கல்யாணம் பேச வேண்டிய வயதில் இன்னும் உன்னிடமே கை நீட்டுகிறோமே என்று அவருக்கு உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கிறது. நிலக்ஷி ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கிறாள். இந்த நேரம் பார்த்துக் கீழ் லயத்துப் பிரேமினி ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்தாள். அவள் எட்டு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவள், இப்போது ஏதோ ஒரு ஏஜென்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறாள். நிலக்ஷிக்கு வயசு சரியா எத்தன மாமா, பத்திரத்தக் காட்டுங்க என்றாள். அப்பா தகரப்பெட்டியைத் திறந்து நிலக்ஷியின் பிறப்புப் பத்திரத்தை எடுக்கும்போது அதற்கு அடியில் இருந்த பூரணியின் பத்திரமும் கூடவே வந்துவிட்டது. யாரு மாமா இது என்று கேட்டாள், அப்பா சொன்னார். பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டெத்த பதிஞ்சீங்களா மாமா என்று கேட்டாள். பதியல என்றார் அப்பா. நான் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன், அந்த ஒரு கேள்வியிலேயே அவள் எங்கே வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினாறுன்னா யாரும் எடுக்க மாட்டாங்க, இருவத்திமூனுன்னா நல்ல வீடா கெடைக்கும், கடவுளாப் பாத்து வச்சிட்டுப் போன பத்திரம் மாமா இது என்றாள். கடவுள் வைத்தாராம். அந்தப் பத்திரத்தை இருபத்திரண்டு வருஷமாக வைத்திருந்தது நான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நம் காம்பராவில் நடந்த கூத்தைக் கேள். ஸ்டூடியோவில் ரெண்டு படம் எடுக்க வேண்டும், ஒன்று அடையாள அட்டைக்கு முகம் மட்டும், இன்னொன்று அந்த நாட்டு வீட்டுக்காரர்கள் பார்ப்பதற்குத் தலை முதல் கால் வரை. இதைச் சொன்னதும் நிலக்ஷி தன் உடுப்பு எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவிட்டாள். தீபாவளிக்கு எடுத்த ஊதா நிற நீளக் கவுன், சடங்குக்கு எடுத்த தாவணி, என்னோடு ரெண்டு நாள் பேசாமல் இருந்து வாங்கிய ஜீன்ஸ், மூக்கன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குத் தைத்த சுடிதார். ஒவ்வொன்றாக நெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் அங்கேயும் இங்கேயும் திரும்பினாள், போட்டோ என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பிரேமினி ஒன்றையும் ஒப்பவில்லை. கவுனில் ஸ்கூல் புள்ள மாதிரி தெரியிற என்றாள். தாவணியைத் தொடவே இல்லை. ஜீன்ஸைப் பார்த்து, இது வேலைக்குப் போற போட்டோவா பிக்னிக் போற போட்டோவா என்று சிரித்தாள். சுடிதாரைப் போட்டுக் காட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இதுல அழகா இருக்க, அழகா இருந்தா அந்த வீட்டு மேடம் எடுக்க மாட்டா, புருஷன் இருக்குற வீடு பாரு என்றாள். தம்பி, அவள் அதை மிளகாய் விலை சொல்வது மாதிரிச் சொன்னாள், அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளையாகத் தெரியக் கூடாது, அழகாகத் தெரியக் கூடாது, நோஞ்சானாகவும் தெரியக் கூடாது, முழங்கை வரை கை தெரிய வேண்டும், அது வேலை செய்கிற கை என்று தெரிய வேண்டும், பொட்டு வேண்டாம், தோடு வேண்டாம், சிரிக்க வேண்டாம். பெற்ற பிள்ளையை அப்படி உடுத்திவிட எந்தத் தாய்க்குத் தெரியும்.

கடைசியில் பிரேமினி என் பக்கம் திரும்பி, அத்த, ஒங்க பெரிய மக இப்ப இருந்திருந்தா என்னா கட்டியிருப்பா, அதக் குடுங்க என்றாள். மனதில் விஷம் வைத்துக் கேட்கவில்லை, வாய்க்கு வந்ததைக் கேட்டாள். நான் அவளை ரெண்டு வார்த்தை கேட்டு வாசலுக்கு வெளியே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் என் கை தானாகப் பெட்டிக்குப் போனது. அடியில் பாசிப்பச்சைச் சேலை ஒன்று இருந்தது, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் டவுனில் எடுத்தது, எனக்கென்று சொல்லித்தான் எடுத்தேன், ஒரு நாளும் கட்டவில்லை. அது எனக்கு எடுத்தது இல்லை தம்பி. இதை உன் அப்பாவிடம் கூடச் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன், பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளாதே. பூரணி போன நாளிலிருந்து நான் அவளுக்கு வயது எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போகும்போது இவள் இப்போது மூன்றாம் வகுப்பு என்று நினைப்பேன், லயத்தில் யாருக்காவது சடங்கு என்றால் இவளுக்கும் இந்த வருஷம் இருந்திருக்கும் என்று நினைப்பேன், தீபாவளிக்குக் கடைக்குப் போனால் உங்கள் ரெண்டு பேருக்கும் எடுத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். அந்த ஒரு தடவைதான் தொட்டதை வைக்க மனம் வராமல் வாங்கிவிட்டேன். நிலக்ஷி அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள், பிரேமினி கையைத் தட்டி, இதுதான் அத்த, இதேதான் என்றாள்.

மறுநாள் ஹட்டனுக்குப் போய் எடுக்கலாம் என்றுதான் பிரேமினி சொன்னாள், அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. அன்றைக்கென்று ஹட்டன் பஸ் ஓடவில்லை, அதனால் மஸ்கெலியாவில் முனாப் நானாவின் ஸ்டூடியோவுக்கே போனோம். போனதும் ஒரு சங்கடம். நிலக்ஷியின் சடங்குக்குப் படம் எடுத்தது அவர்தான், அதில் ஒன்றைப் பெரிதாக்கிக் கடை முன் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார். பதினாலு வயது நிலக்ஷி தலை நிறையப் பூவோடு அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறாள், அதே பிள்ளை பச்சைச் சேலையும் கொண்டையுமாக அந்தக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே போகிறாள். நானாவின் மனைவி ஸுலைஹா சேலைக்கு ஊசி குத்திவிட வந்தாள். என் ஜாக்கெட் நிலக்ஷிக்குத் தொளதொளவென்று இருந்தது, முதுகுப் பக்கம் பிடித்து நாலு ஊசி குத்தினாள், குத்திக்கொண்டே, ஏன் ராசம்மா, புள்ளைக்கு என்னாத்துக்கு இவ்வளவு வயசு என்று என் காதோடு கேட்டாள். நான் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்தேன். அவள் பொட்டை மட்டும் பஞ்சால் துடைக்காமல் தன் விரலால் மெதுவாக எடுத்தாள். பிறகு முனாப் நானா கவர் மேலே எழுத, பேரு என்னா மகள் என்று கேட்டார். பேர் தெரியாமலா கேட்டார், ரெண்டு நாள் நம் வீட்டில் நின்று படம் எடுத்தவர். நிலக்ஷி கொஞ்சமும் தடுமாறாமல், சோலைமலை பூரணி என்றாள். பிறந்த தேதியையும் அப்படியே சொன்னாள். வீட்டில் சொல்லிப் பழகியிருக்கிறாள். நானா என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு குனிந்து எழுதினார். விளக்கைப் போட்டதும், பூரணி, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க என்றார், அவள் உடனே திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆனது என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒருவர் அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டு, ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது. பச்சைச் சேலையில், கொண்டையில், நான் எண்ணி எண்ணி வளர்த்த அதே வயதில் நின்றாள். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் நான் நிலக்ஷியை மறந்துபோனேன். பிறகு அவள் உள்ளங்கைகளை முன்னால் காட்டிக்கொண்டு நிற்கும்போது கட்டை விரலில் பேனை மை இருந்ததைப் பார்த்தேன், காலையில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தவள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தியை மண்ணுக்குக் கொடுத்தேன், அவள் வேண்டும் என்ற ஆசையில் இன்னொருத்தியை நானே உடுத்திவிட்டுக் கொடுக்கிறேன். நான் என்ன தாய் தம்பி.

வரும்போது பஸ்ஸில் நிலக்ஷி என் தோளில் சாய்ந்துகொண்டாள். ரெண்டே ரெண்டு வருசம் அம்மா, அப்பறம் ஒன்ன நான் மலைக்கு ஏற விட மாட்டேன் என்றாள். அட்டைக்கடி இல்லாமல் நான் வீட்டில் இருக்க வேண்டுமாம், அப்பாவுக்கு இடுப்புக்குக் கண்டியில் பெரிய டாக்டரைக் காட்ட வேண்டுமாம், உனக்கு அவள்தான் தாலி எடுப்பாளாம். திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. முன் சீட்டில் இருந்த பிரேமினி திரும்பி, கைரேகை மட்டும் ஒரு தடவ வச்சிட்டா அப்பறம் பயமே இல்ல அத்த, அதுக்கப்பறம் அவ பூரணிதான், யாரு கேட்டாலும் பூரணிதான் என்றாள். தைரியம் சொல்லத்தான் சொன்னாள். அவள் பூரணி என்றால் நிலக்ஷி எங்கே. ரிசல்ட் நிலக்ஷி பேரில் வருமே, அதை யார் போய் வாங்குவது. நாளைக்கு அவள் கல்யாணம் எழுதும்போது எந்தப் பேரை எழுதுவது. அந்த நாட்டில் ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவளுக்கு ஏதாவது நடந்தால், இங்கே யாருடைய அம்மா என்று சொல்லிக்கொண்டு நான் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைவது. பெட்டியில் வருகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம் தம்பி, வாயில் சொல்லக் கூடாது, ஆனால் எனக்கு நினைப்பு அங்கேதான் போய் நிற்கிறது.

வியாழக்கிழமை பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் வீட்டுக்குப் போகாமல் டவுனுக்கு இறங்கி முனாப் நானாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவர் ஏற்கனவே முக்கால்வாசி ஊகித்திருந்தார். அடையாள அட்டைப் படம் கடையிலிருந்து கம்ப்யூட்டரில் அவர் அனுப்பினால்தான் போகுமாம். மெசின் பழுது, கொழும்புல இருந்து ஆள் வரணும்னு நான் ஒரு கெழம இழுக்கிறன் ராசம்மா, அதுக்கு மேல இழுத்தா பிரேமினி வேற ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிருவா, நீங்க அதுக்குள்ள எதையாவது செய்ங்க என்றார். மற்றப் படத்தை, அந்த முழுப் படத்தைக் கேட்டுப் பிரேமினி தினமும் அவருக்குப் போன் அடிக்கிறாளாம். நமக்கு இருப்பது அந்த ஒரு கிழமை, ஏழே நாள்தான், அதிலும் இன்றைக்கு நாலு நாள் போய்விட்டது.

அதனால் வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் ஹட்டனில் பதிவுக் கந்தோருக்குப் போனேன். பூரணி போனதைப் பதிந்துவிட்டால் அந்தப் பேரை யாரும் தொட முடியாது என்று எனக்குத் தோன்றியது. அங்கே இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை, பூரணி வயதுதான் இருக்கும், என் அரைகுறைச் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டாள். இத்தனை வருஷமா ஏன் அம்மா பதியல என்று கேட்டாள். அந்தக் காலத்தில் தோட்டத்து மருந்துக்காரர் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார், அந்த மனுஷனும் இல்லை, அந்தப் புத்தகமும் இல்லை. அப்பா பதியப் போகலாம் என்று மூன்று தடவை கிளம்பினார், மூன்று தடவையும் நான்தான் நிறுத்தினேன். போய்ச் சொன்னால் பிறப்புப் பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்று லயத்தில் யாரோ சொன்னார்கள், நான் அதை நம்பினேன். அவளுக்கென்று ஒரு படம் கிடையாது, ஒரு சட்டை கிடையாது, அவள் பேர் எழுதின தாள் அது ஒன்றுதான், அதையும் பிடுங்கிக்கொள்வார்களே என்று ஒளித்து வைத்தேன். வெள்ளிக்கிழமைதான் தைரியம் வந்து அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், பதிந்தால் பத்திரத்தை எடுத்துக்கொள்வீர்களா என்று. இல்ல அம்மா, அத ஏன் எடுக்கப் போறோம், அது எப்பவும் ஒங்களுதுதான், பத்திரமா வச்சிக்கங்க என்றாள். இருபத்திரண்டு வருஷம் தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அந்தக் கந்தோர் வாங்கில் உட்கார்ந்து நான் அழுத அழுகைக்கு அவள் எழும்பி வந்து தண்ணீர் கொடுத்தாள்.

இவ்வளவு காலம் தாழ்த்திப் பதிவதற்கு ரெண்டு பேர் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டுமாம், ஒன்று பெற்றவர், இன்னொன்று கண்ணால் பார்த்தவர். நீங்க பொதைச்சதப் பாத்தீங்களா என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. பொம்பளைகள் குழி வரைக்கும் போகக் கூடாது என்று என்னை லயத்திலேயே பிடித்து வைத்துவிட்டார்கள். குழி வெட்டிய உன் மூக்கன் சித்தப்பா போய் நாலு வருஷம். மிச்சம் இருப்பது அப்பாவும் நீயும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், மறைத்துப் பயனில்லை. அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். செத்தவ பேரு சும்மாதான கெடக்கு ராசம்மா, உசுரோட இருக்குறவளுக்கு ஒதவட்டுமே என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அவர் கெட்டவர் இல்லை, நீயும் அவரை ஒன்றும் சொல்லாதே. கையெழுத்து மட்டும் வைக்க மாட்டேன் என்கிறார்.

ஆகவே நீதான் மிச்சம். அன்றைக்கு உனக்கு எட்டு வயது. ஆடி மாதத்து மழை, அப்பா அவளைத் துணியில் சுற்றி ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போனார், அவர் மேல் மழை விழாமல் நீ குடை பிடித்துக்கொண்டு போனாய். திரும்பி வந்து நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை, பிறகு எந்த நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை மறந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். மறந்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும், தேயிலைக் கானில் மழைத்தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு நீ வெகுநாள் காதைப் பொத்திக்கொள்வாய். அதைக் கிளறிக் கேட்கிற பாவி நான், எனக்கு வேறு வழி இல்லை. அங்கே நம் நாட்டுத் தூதரகத்தில் போனால் சத்தியக் கடதாசியை எழுதிக் கையெழுத்து வைத்துத் தருவார்கள் என்று ரிஃகான் சொல்கிறான், அவனே உன்னைக் கூட்டிப் போவான். பேரை முழுசாக எழுது, தேதியை நான் தனித் துண்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், எந்த மலை, யார் கூட இருந்தார்கள், நீ எங்கே நின்றாய் என்று நீ கண்டதைக் கண்டபடி எழுது. எழுதியதைப் படம் எடுத்து முனாப் நானாவின் போனுக்கு அனுப்பு, நம் போனுக்கு அனுப்பாதே. தாளை யார் கையிலாவது பிறகு கொடுத்தனுப்பலாம். அதை வைத்துக்கொண்டு நான் மறுபடியும் லீவு சொல்லிவிட்டு ஹட்டனுக்குப் போய் அந்தப் பிள்ளை முன்னால் நிற்பேன். நிலக்ஷி என்னோடு பேசாமல் இருப்பாள், எத்தனை மாதம் என்று தெரியாது, இருந்துவிட்டுப் போகட்டும். உனக்கும் அப்பா சொல்வதுதான் சரி என்று பட்டால், அதையும் நேராக எனக்கு எழுதிவிடு, ஆனால் அதற்கு முன்னால் அவள் வயதில் நீ எப்படி இருந்தாய் என்று ஒரு தடவை நினைத்துப் பார்.

வெயிலில் நிற்கிற பிள்ளை, தாகம் வரும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடி, ராத்திரிச் சாப்பாட்டை டீயோடு முடித்துக்கொள்ளாதே, ரிஃகானிடம் கொடுத்திருக்கிற மிளகாய்த்தூளை அறையில் எல்லோருக்கும் பங்கு வைத்து இரு. மாரியம்மன் உன் கூடவே இருப்பாள், உனக்கு நல்ல இடத்தில் பெண் அமையும், நீ தலை நிமிர்ந்து இந்த லயத்துக்கு வந்து சேருவாய், பெற்ற வயிறு சொல்வது பலிக்கும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அந்தக் கடதாசியில் போய்விட்டாள் என்று எழுதினால் எடுக்க மாட்டார்களாம், அந்தக் கந்தோர்ப் பிள்ளை என்னிடம் சொல்லித்தான் அனுப்பினாள், எங்கே போனாள் என்று கேட்பார்களாம். உனக்கு அதை எழுதக் கை வராது. எனக்கும் வரவில்லை, இந்தக் கடிதத்தையே புரட்டிப் பார், எத்தனை இடத்தில் போனவள், போன நாள் என்றே எழுதியிருக்கிறேன். நான் எழுதாததை உன்னை எழுதச் சொல்வது நியாயம் இல்லை, அதனால் முதலில் நான் எழுதுகிறேன். என் மகள், உன் தங்கச்சி, சோலைமலை பூரணி செத்துப்போனாள். நான் எழுதிவிட்டேன் தம்பி, இனி நீ எழுது.

இப்படிக்கு,
உன்னை நம்பி இருக்கும் அம்மா,
சோ. ராசம்மா